செங்கம் சாலையில் ஒரு லாரி

திருவண்ணாமலைக்கு இரண்டு நாள் பிரயாணம் போவதென்று வீட்டில் தீர்மானமாயிற்று. இரண்டு நாளுக்கு எத்தனை சாமான் வேண்டும்? நேயர்கள் சிரிக்கக் கூடாது. பெட்டியும் பையுமாக ஒன்பது உருப்படிகள் சேர்ந்தன. அவற்றுள் தலைவலித் தைலம் மூன்று புட்டி இருந்தது. போர்வை ஒன்றுகூட இல்லை. மார்கழி இரவில் மலையடிவாரத்துக் குளிர் எத்தகையது என்பதை அன்று நன்றாக அறிந்துகொண்டோம்.

மறுநாள் காலை செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமத்துக்குச் சென்றோம். வெளியே ஆட்டோக்களின் இரைச்சல். வாசலைத் தாண்டி உள்ளே போனால் மயில்களின் அகவல். அங்கே உட்கார்ந்திருந்தபோது எங்கள் மூட்டைகளை நினைத்து எனக்கு வெட்கம் உண்டாயிற்று. காரணம் இதுதான்: 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பிள்ளை மூன்றே ரூபாயுடன் மதுரையை விட்டுக் கிளம்பினான். வழியில் காசு போதவில்லை. கீழூரில் காதுக் கடுக்கனை ஈடு வைத்து நான்கு ரூபாய் பெற்று, செப்டம்பர் முதல் தேதி அண்ணாமலையை அடைந்தான். அடைந்ததும் மிச்சமிருந்த காசையும், வழியில் தின்பதற்காக ஓர் அம்மாள் கொடுத்தனுப்பிய பட்சணப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டான். வேஷ்டியைக் கிழித்துக் கௌபீனமாக்கிக் கொண்டான். அதற்குப் பிறகு 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 வரையில், ரமண மகரிஷி இந்த மலையை விட்டு நீங்கவேயில்லை. கௌபீனமும் கமண்டலமும் கைத்தடியுமே அவருடைய ஆஸ்தி.

பிரயாணம் முடிந்துவிட்டவருக்கு மூட்டை வேண்டியதில்லை. பிரயாணமே பிழைப்பாக உள்ளவர் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை அன்று மாலை அதே சாலையில் கிடைத்தது.

ஆசிரமத்து வாசல் வழியே போகும் அந்தச் சாலை மேற்கே செங்கம், ஊத்தங்கரை கடந்து கிருஷ்ணகிரியில் பெரிய நெடுஞ்சாலையோடு சேருகிறது. அங்கிருந்து பெங்களூர், கர்நூல், ஹைதராபாத், நாகபுரி என்று வடக்கே போய்க்கொண்டே இருக்கலாம். கிரிவலம் வருகிறவர்கள் ஓரிடத்தில் அந்தச் சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பி விடுகிறார்கள். நாங்கள் பேச்சு சுவாரசியத்தில் திரும்ப மறந்து நேரே நடந்துவிட்டோம். சற்றுத் தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் லாரி ஒன்று நின்றது. பின் சக்கரத்துக்கு மரக்கட்டை அண்டை கொடுத்திருந்தது. பின்னால் சில கஜ தூரத்தில் சிவப்பு முக்கோணம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ஐம்பது வயது தாண்டிய டிரைவர் ஒருவர் தன்னந்தனியாக அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"வழி தவறி வந்துட்டீங்களாட்டம் இருக்குதுங்க. உக்காருங்க, சாயா போடறேன்" என்றார். நாமக்கல் பக்கத்துக்காரர். புதுச்சேரியில் சரக்கேற்றி நாகபுரிக்குப் போகிறார். திரும்பி வீடு சேர இருபது நாள் ஆகுமாம். இருபது நாளுக்கு என்ன எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வெட்கப்படாமல் வண்டியைத் திறந்து காட்டினார்.

முதலில் தண்ணீர். பெரிய கேன் இரண்டு. "ஊருக்கு ஊர் தண்ணி மாறினா வயிறு கெடுமுங்க. வயிறு கெட்டா வண்டி நின்னுபோகுமுங்க." அடுத்து ஐந்து கிலோ காஸ் அடுப்பு, அதை எவ்வளவு மழையானாலும் கேபினுக்குள் மூட்டுவதில்லை என்பது அவர் விரதம். அரிசி, பருப்பு, உப்பு. மனைவி காய்ச்சிக் கொடுத்த புளிக்காய்ச்சல் ஒரு ஜாடி. நல்லெண்ணெய் தாராளமாக விட்டிருப்பதால் பத்து நாளானாலும் கெடாதாம்.

தார்ப்பாய், கயிறு, கிழிந்தால் தைக்கக் கோணி ஊசியும் சணலும். சரக்கு நனைந்தால் நஷ்டம் யார் தலையில் விடியும் என்று சொல்லவேண்டியதில்லை. ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி, உதிரி பல்புகள், டார்ச் விளக்கு. டயரைத் தட்டிப் பார்க்க ஓர் இரும்புக் கம்பி. ஓசையைக் கொண்டே காற்றின் அளவை அறிந்துவிடுகிறார். ஒரு தகரப் பெட்டியில் ஆர்.சி., பெர்மிட், இன்ஷூரன்ஸ், எப்.சி., லைசென்ஸ். இவற்றைக் கைபேசியில் காட்டினாலும் செல்லும், ஆனால் "பாட்டரி தீர்ந்துபோனா அவசரத்துக்கு என்னத்தைக் காட்டறதுங்க?" என்கிறார். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை, கட்டுப்போடத் துணி, கொசுவலை, இரண்டு கைலி, வடக்கத்திக் குளிருக்குக் கம்பளி இரண்டு. முன்கண்ணாடியடியில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும்.

ஒன்றுகூட வீண் இல்லை. ஒன்றும் மறந்துபோகவும் இல்லை. என் மனைவி கம்பளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் இருக்கிறதே, ஐயா!" என்றேன்.

"இல்லீங்க. தூக்கத்தை மட்டும் மூட்டை கட்டிக்கிட்டு வர முடியறதில்லீங்க" என்றார் அவர்.

முன்பெல்லாம் இரண்டு டிரைவர்கள், ஒரு க்ளீனர் என்று மூவர் போவார்கள். ஒருவர் ஓட்டினால் ஒருவர் உறங்குவார். இப்போது க்ளீனர் வேலைக்குப் பையன்கள் வருவதில்லை. தேசியப் பெர்மிட் லாரியில் இரண்டு டிரைவர்கள் வேண்டும் என்றிருந்த விதியும் 2018-ல் நீக்கப்பட்டது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சாதாரணமாக நாளுக்கு 8 மணி நேரமே வேலை என்றது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணியாவது ஓய்வு என்றது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. சரக்கு எங்கே என்று கேட்கும் டெலிபோன் காதருகில் இருக்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகியிருப்பது நல்ல காரியமே. ஆனால் குளிர்ந்த கேபினிலும் தூங்காத கண் தூங்காத கண்தான்.

அவரோடு பல ஆண்டுகள் ஓட்டிய கூட்டாளி ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு நிமிஷம் கண்ணயர்ந்தாராம். மேலே அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அன்னையிலிருந்து, ரெண்டு மணிக்கு மேலே விடியற வரைக்கும் நான் வண்டி எடுக்கறதில்லீங்க. வாடகை குறைஞ்சாலும் குறையட்டும். வீட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க."

விடைபெறும்போது என் மனைவி தைலப் புட்டிகளில் ஒன்றை அவரிடம் கொடுத்தாள். மருந்துப் பெட்டியில் அதற்கு ஓர் இடம் பார்த்து வைத்துக்கொண்டார். நாங்கள் வலப்பக்கம் திரும்பவேண்டிய இடத்துக்குத் திரும்பி வந்தோம்.

நம் வீட்டு அடுக்களையில் உள்ள வெங்காயமும் பருப்பும் இப்படி யாரோ ஒருவர் கண் விழித்துக் கொண்டுவந்தவை. பகலில் சாலையோரத்து மரத்தடியில் லாரி ஒன்று நிற்பதைக் கண்டால், நேயர்களே, ஹாரன் அடிக்காமல் கடந்து செல்லுங்கள். மூட்டையில் கட்டிவர முடியாத அந்த ஒரு பொருளை அவர் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.