கயிறு பிடித்தவன் கணக்கு

மாட்டு வண்டிப் பந்தயத்தில் நடுவராக நிற்கிறவன் சாரதியின் கையைத்தான் பார்க்க வேண்டும். மாட்டைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். எந்தக் கயிறு எப்போது இழுபட்டது என்பதைக் கவனிக்க அங்கே வேறு ஆள் கிடையாது.

ஓசூர் அருகே எங்கள் சானமாவுப் பக்கம் பந்தயம் என்றால் எருது விடும் விழாதான். தடுப்புக்கு நடுவே மாடு தனியாக ஓடும். ஓட்டுகிறவனே இல்லை என்பதால் அவன்மேல் குற்றமும் இல்லை. வண்டிப் பைத்தியம் பிடித்த என்னைப் போன்றவர்கள் ஹள்ளிகார் மாட்டு ஜோடியை ஏற்றிக்கொண்டு கொங்குப் பக்கமோ, சிவகங்கை, தூத்துக்குடி பக்கமோ போக வேண்டும். பழக்குவது மட்டும் ஊரில். அதுவும் ராகி விளையும் பருவத்தில் யானைக் கூட்டம் சானமாவுக் காட்டில் இறங்கிவிட்டால், எந்தப் பக்கம் நிற்கிறது என்று விசாரித்த பிறகுதான் விடியலில் வண்டி பூட்ட முடியும்.

கொங்கு ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் மாட்டின் பல் பார்த்துப் பிரிவு, 200 அல்லது 300 மீட்டர், நேரம் பார்த்துப் பரிசு. அங்கே அடுத்த வண்டிக்குக் குறுக்கே விடும் தொல்லை குறைவு. கோட்டைத் தாண்டியதும் கயிற்றை விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் கொண்டாடுகிறவர்கள்தான் தலைவலி. கோடு நமக்குத்தான் தெரியும். மாட்டுக்குத் தெரியாது, அது ஓடிக்கொண்டே இருக்கும், எதிரே ஜனம் நிற்கும்.

தெற்கே கதை வேறு. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத் தார்ச்சாலையில் மைல் கணக்கில் போக வர ஓட்டம். வண்டிகள் கூட்டமாகக் கிளம்பும். முந்துகிற சாரதி, தாண்டிவிட்டோம் என்று நினைக்கிற ஒரு நொடி உண்டு. அவன் மாடு தாண்டியிருக்கும், சக்கரம் தாண்டியிருக்காது. திரும்பிப் பார்க்காமல் இடத்து மாட்டின் கயிற்றைச் சுண்டுவான். சக்கரத்தின் குடம் அடுத்தவன் மாட்டின் முன்னங்காலுக்கு நேரே வந்து நிற்கும். அந்த அடுத்தவன் இரண்டு கயிற்றையும் வெடுக்கென்று இழுத்தால் மாட்டுக்கு மூக்கு கிழியும். இழுக்காவிட்டால் மாடு முழங்கால் மடிந்து தாரில் விழும். தப்புச் செய்தவன் இதற்குள் எல்லைக் கொடியை நெருங்கியிருப்பான்.

கூப்பிட்டுக் கேட்டால், "மாடு இழுத்துட்டுப் போயிடுச்சுண்ணே" என்பான். மாடு இழுக்கும்தான். ஆனால் மாடு தானாகச் சாய்ந்திருந்தால் எதிர்ப்பக்கத்துக் கயிறு விறைத்திருக்கும், சாரதியின் உடம்பும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டும் இல்லாதபோது பழியை மாட்டின் தலையில் போட நான் விடுவதில்லை. கயிறு தொளதொளவென்று கிடந்தால் அதுவும் குற்றம்தான். வேண்டுமென்றே செய்தானா என்ற விசாரணை அதற்குத் தேவையில்லை.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குதிரையை இரு சக்கர வண்டியில் பூட்டி ஓட்டும் ஹார்னஸ் பந்தயத்தில் ஓட்டுகிறவனின் பொறுப்பைத் தெளிவாக வைத்திருக்கிறார்கள். ஸ்டூவர்ட் எனப்படும் அதிகாரிகள் ஓட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்த்து, ஓட்டியவனை உட்காரவைத்துக் கேட்கிறார்கள். கவனக்குறைவு ஒரு குற்றம். துணிந்து ஆபத்தாக ஓட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். இடைஞ்சல் செய்த குதிரையைப் பாதிக்கப்பட்ட குதிரைக்குப் பின்னால் தள்ளலாம். ஓட்டியவனைச் சில நாளோ சில வாரமோ வண்டியேற விடாமல் நிறுத்தலாம். பழைய தப்புகள் பதிவில் இருக்கும். அதையும் பார்த்துத்தான் தண்டனை.

நம்மிடம் இல்லாதது அந்தப் பதிவு. இங்கே பரிசை மறுப்போம், மைக் பக்கத்தில் அரை மணி நேரம் சண்டை நடக்கும், பெரிய மனுஷர் ஒருவர் சமாதானம் பேசுவார். அடுத்த பந்தயத்தில் வேறு மாவட்டத்தில் அதே கை, அதே சுண்டல். பரிசு வாங்கும்போது சாரதி பெயரை மைக்கில் முழங்குகிறோம். தப்பு நடந்தால் மட்டும் "அந்த ஊர் வண்டி" என்று மழுப்புகிறோம். 

சட்டம் இல்லாமல் இல்லை. ஆணி வைத்த கோலை 1965-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகளே தடுக்கின்றன. பொதுச் சாலையில் உயிருக்கு ஆபத்தாக ஓட்டுவதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு எந்த வாகனத்துக்கும் பொருந்தும். மாட்டு வண்டிக்கு விலக்கு இல்லை. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியதும், 2017-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததும், 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே 2023 பிப்ரவரி 2-ஆம் தேதி, இங்கே பக்கத்தில் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதால் ஓசூர் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை மணிக்கணக்கில் மறிக்கப்பட்டது. அனுமதிக்கு இவ்வளவு பாடுபடுகிற நாம், அனுமதி கிடைத்த பிறகு கயிறு பிடிக்கிறவனைக் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறோம். விழுந்து கிடக்கும் ஒரு மாட்டின் வீடியோ போதும், மறுபடி கோர்ட்டுக்குப் போக.

விழாக் குழுக்களுக்கு நான் கேட்பது சின்ன விஷயம். நோட்டு போட்டு வண்டியைப் பதியும்போது உரிமையாளர் பெயரோடு சாரதி பெயரையும் எழுதுங்கள். குறுக்கே விட்டவன் பெயருக்கு நேரே அதைக் குறித்து, அடுத்த பந்தயம் நடக்கிற ஊர்க் குழுவுக்கு அன்று இரவே வாட்ஸப்பில் அனுப்புங்கள். இரண்டாவது முறை பெயர் வந்தால் அந்தப் பருவம் முழுக்க அவனுக்கு வண்டி கிடையாது. மாடு வேறு சாரதியோடு ஓடட்டும்.