டிஸ்க்கில இடமில்லையாம்

எங்கட டிப்ளோமா வகுப்பில் இன்னும் டேர்போ சிதான். போர்லண்ட் நிறுவனம் 1987இல் முதன்முதலாக வெளியிட்ட சாமான். என்னுடைய லாப்டொப்பில் இருப்பது உபுண்டு. அதற்குள் டொஸ்பொக்ஸ் போட்டேன். அண்ணா பென்டிரைவில் தந்த ஃபோல்டரை ‘சூடோ’ குடுத்துக் கொப்பி பண்ணி, அதையே சி டிரைவாக மவுண்ட் பண்ணினேன். அந்தச் சூடோவை ஞாபகத்தில வச்சிருங்கோ.

முதல் எரர், அவுட்புட் ஃபைலை உருவாக்க முடியவில்லை என்று. வேறொரு ஃபோல்டரை டி டிரைவாக்கி, ஓபிஜே ஃபைல்களை அங்கே திருப்பிவிட்டேன். கொம்பைல் ஆனது. லிங்க் பண்ணப் போகும்போது ‘டேர்போசி.$எல்என்’ஐ உருவாக்க முடியவில்லையாம். நான் அப்படியொரு ஃபைலைக் கேக்கவே இல்லையே!

பழைய கையேட்டைப் பார்த்தேன். டிஸ்க்கை அணுக முடியவில்லை, அல்லது டிஸ்க் நிரம்பிவிட்டது என்று இருந்தது. பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். லாப்டொப்பும் நிரம்பித்தான் கிடந்தது. படங்கள், பாட்டுகள், ‘வீடு’ என்றிருந்த ஃபோல்டர், எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்தேன். அதே எரர்.

விசயம் இதுதான். டொஸில் ஒரு கட்டளை வரி 127 எழுத்துக்குமேல் போகாது. லிங்கருக்குச் சொல்லவேண்டிய ஃபைல், லைப்ரரிப் பெயர்கள் அதற்குள் அடங்காமல் போகலாம். அதனால் கொம்பைலர் அவற்றை ஒரு தற்காலிக ஃபைலில் எழுதிக் கொடுத்து, வேலை முடிய அழித்துவிடும். நாங்கள் அதைக் காண்பதே இல்லை. அந்த ஃபைலை, நான் நிற்கிற சி டிரைவிலேயே எழுதப் பார்த்திருக்கிறது.

டொஸ்பொக்ஸுக்குள் சியில் ஒரு வெற்று ஃபோல்டர் உருவாக்கிப் பார்த்தேன். சரிவரவில்லை. வெளியே வந்து பார்த்தால் ஃபோல்டரின் உரிமையாளர் ‘ரூட்’, நானில்லை. சூடோ செய்த வேலை! டொஸ் காலத்தில் ஃபைலுக்கு உரிமையாளர் என்ற கதையே கிடையாது. பாவம், அந்தக் கொம்பைலர் அனுமதியில்லை என்று எப்படிச் சொல்லும்? ‘சௌன்’ கட்டளை ஒரு வரி. வட்டம் கீறியது.

‘வீடு’ ஃபோல்டரில் அம்மம்மா பனங்காய்ப் பணியாரம் சுடும் வீடியோ இருந்தது. அவ போய் ஒரு வருசம். தங்கச்சியின் ஃபோனில் வட்ஸ்அப்பில் அனுப்பிய கொப்பி ஒன்று கிடந்தது. முகம் தெளிவில்லை. “கிட்ட வராதை, எண்ணெய் தெறிக்கும்” என்பது மட்டும் கேட்கிறது.