பாட்டி, அது சைக்கிள் பாதை!

“பாட்டி, அங்க நடக்காதீங்க! அது சைக்கிள் பாதை!”

ஏழு வயதுப் பேத்தி என் கையைப் பிடித்து இழுத்த அதே நொடியில், பின்னால் ‘டிங்’ என்று மணிச் சத்தம். திரும்பிப் பார்த்தால், உணவுப் பெட்டி கட்டிய மின் சைக்கிளை ஓட்டி வந்தவர் பிரேக் பிடித்து நின்றிருந்தார். நான் போனைப் பார்த்தபடி, சிவப்பு நிறப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் நடைபாதை காலியாகக் கிடக்கிறது. தப்பு என்னுடையதுதான். “சாரி தம்பி” என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இடம், சிங்கப்பூரின் தெம்பனிஸ். என் மகள் குடும்பம் அங்கேதான் இருக்கிறது.

2018-ல் மகளின் பிரசவத்துக்காக இதே ஊருக்கு வந்திருந்தேன். அப்போது நிலைமை வேறு. மூன்று மாதக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, மாலையில் பிளாக்கைச் சுற்றி நடப்பது வழக்கம். ஒருநாள் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மின் ஸ்கூட்டர் வந்தது. நம்மூரில் உட்கார்ந்து ஓட்டும் ஸ்கூட்டர் இல்லை. சின்னப் பலகை மேல் நின்றபடியே ஓட்டுவது. சத்தமே கேட்கவில்லை. தள்ளுவண்டியின் சக்கரத்தை உரசிக்கொண்டு போக, வண்டி அரைச்சுற்றுத் திரும்பி நின்றது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கம்கூடக் கலையவில்லை. எனக்குத்தான் அன்று இரவு முழுக்கத் தூக்கம் போய்விட்டது. ஊர் திரும்பும்வரை தள்ளுவண்டியை லிஃப்ட் வாசலைத் தாண்டிக் கொண்டுபோகவில்லை.

சிங்கப்பூரில் சட்டம் இல்லாமலா? இருந்தது. இந்த வண்டிகளுக்கென்றே 2018 மே மாதம் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது, அகலம் 70 சென்டிமீட்டர்தான், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடைபாதையில் 15 கிலோமீட்டர் என்றிருந்த வேக வரம்பை 2019 பிப்ரவரியில் 10 ஆகக் குறைத்தார்கள். ஜூலையிலிருந்து பதிவு செய்யாத மின் ஸ்கூட்டரை ஓட்டக் கூடாது என்றார்கள்.

ஆனாலும் விபத்துகள் நிற்கவில்லை. 2019 செப்டம்பரில், பிடோக் பகுதியில் சைக்கிளில் போன 65 வயதுப் பெண்மணி, மின் ஸ்கூட்டருடன் மோதி உயிரிழந்தார். ஊரே கொந்தளித்தது. நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின் ஸ்கூட்டருக்குத் தடை. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இல்லையேல் இரண்டும். சாலையில் ஓட்ட ஏற்கெனவே அனுமதி கிடையாது. மிச்சம் சைக்கிள் பாதை மட்டும்தான்.

நல்லதுதானே என்று நானும் நினைத்தேன், அந்தத் தம்பியோடு பேசும்வரை.

மணியடித்த அதே தம்பிதான். மறுநாள் சாயங்காலம் கீழே காப்பிக்கடையில் ஆர்டருக்காகக் காத்திருந்தார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். தமிழர்.

“ஊர்லேருந்து வந்திருக்கீங்களாம்மா? புதுசா வர்றவங்க எல்லாருக்கும் அந்தச் சிவப்புப் பாதை குழப்பம்தான்” என்றார்.

தடை வந்தபோது, அவரும் மின் ஸ்கூட்டரில்தான் உணவு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாராம். அவரைப் போல ஏறக்குறைய 7,000 பேர். முதல் நாள் அறிவிப்பு, மறுநாள் தடை. நூற்றுக்கணக்கானவர்கள் தங்கள் எம்.பி.க்களைப் பார்த்து முறையிடத் திரண்டார்கள். பிறகு அரசும் உணவு விநியோக நிறுவனங்களும் சேர்ந்து 70 லட்சம் வெள்ளி ஒதுக்கி, வேறு வண்டிக்கு மாற ஆளுக்கு 1,000 வெள்ளி வரை உதவினார்கள். இவர் மின் சைக்கிளுக்கு மாறினார்.

“இதுல மிதிச்சாத்தான் மோட்டார் உதவும். முதல் மாசம் முட்டி வலி பின்னிடுச்சு. தடை தப்புன்னு சொல்லலம்மா. பாதையைப் போட்டுட்டு அப்புறம் தடுத்திருக்கலாம்ல?”

நியாயமான கேள்வி. அப்போது சிங்கப்பூரில் நடைபாதை 5,500 கிலோமீட்டர் இருந்தது. சைக்கிள் பாதையோ 440 கிலோமீட்டர்தான். கிட்டத்தட்ட பன்னிரண்டில் ஒரு பங்கு! கடைசிக் கிலோமீட்டரை அவர் எங்கே ஓட்டுவார்?

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இப்போது தரையில் சிவப்பாகத் தெரிகிறது. 2030-க்குள் 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை என்பது இலக்கு. பாதை வந்த இடத்தில் விதியும் வருகிறது. சைக்கிள் பாதையை ஒட்டி நடப்பவர்களுக்கென்று தனியாக உள்ள பாதையில், 2025 ஜூலை முதல் சைக்கிள்கூட ஓட்டக் கூடாது.

கார்காரர்களுக்கும் கடிவாளம் உண்டு. முதியவர்கள் அதிகம் வசிக்கும் பகுதிகளில் ‘சில்வர் ஸோன்’ என்று 2014 முதல் அமைத்து வருகிறார்கள். சாலையை வேண்டுமென்றே வளைத்து, குறுக்கி, வேகத்தைக் குறைக்க வைக்கிறார்கள். பல இடங்களில் வரம்பு 30 கிலோமீட்டர்தான்.

சிக்னலில் சம்பந்தியம்மா தன் முதியோர் அட்டையைக் கம்பத்திலிருந்த கருவியில் தட்டினார். பச்சை விளக்கு கூடுதல் நேரம் எரிந்தது. சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை கிடைக்குமாம். “இதுக்கு முன்னாடி பாதி ரோட்டுல ஓடணும் சம்பந்தி. இப்ப நடந்தே போறேன்” என்றார். எனக்கு அந்த 13 விநாடி, பெரிய மரியாதையாகத் தெரிந்தது. மெதுவாக நடப்பவருக்காக மற்ற எல்லோரும் காத்திருக்கிறார்கள் அல்லவா?

சென்னை ஞாபகம் வராமல் இருக்குமா? சிங்கப்பூரில் தடை வந்த அதே 2019 நவம்பரில்தான் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். அங்கே நடப்பது சுகம். ஆனால் எங்கள் தெருவில் நடைபாதை என்று இருக்கும் கொஞ்சத்திலும் டூ வீலர் ஏறும். அதுவும் இப்போது சத்தமில்லாத வண்டிகள். 250 வாட்டுக்குக் குறைந்த, 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத மின் வண்டிக்கு நம் நாட்டில் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்பதால், பள்ளிப் பிள்ளைகள்கூட ஓட்டுகிறார்கள். லைசென்ஸ் வேண்டாம் என்றால் கவனமும் வேண்டாம் என்று அர்த்தமில்லையே! வளைவில் வேகம் குறைக்கவும், முன்னால் நடப்பவருக்கு மணியடிக்கவும் வீட்டில் நாம்தான் சொல்லித் தர வேண்டும். நடக்கிற நாமும் போனைப் பைக்குள் வைக்க வேண்டும். இனி காதை நம்பிச் சாலையைக் கடக்க முடியாது.

ஊர் திரும்பும் முந்தைய நாள், பேத்தியைப் பள்ளியில் விடப் போனேன். அன்று தள்ளுவண்டி உரசப்பட்ட அதே பஸ் நிறுத்தம். என் கை தானாக அவள் கையைத் தேடியது.

“நான் சாம்பல் கலர்லதான் நடக்கிறேன் பாட்டி” என்று கையை விடுவித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இந்த முறை நான் விட்டுவிட்டேன்.