கீலுக்கு ஒரு துளி

பேனாக்கத்தி என்று பெயர். அதைக் கொண்டு பேனா சீவுவோர் இன்று மிக அரியர். பறவையின் இறகைச் சீவி, மையில் தோய்த்து எழுதிய காலத்தில் ஐரோப்பிய எழுத்தர்கள் வைத்திருந்த சிறு கத்திக்கு அமைந்த பெயர் அது. இறகு மறைந்த பின்னும் பெயர் மறையவில்லை. தமிழகத்திற்கும் இத்தகைய அமைப்புப் புதிதன்று. ஓலையில் எழுதியோர் கையாண்ட எழுத்தாணிகளுள், பிடிக்குள் மடங்கிக்கொள்ளும் மடக்கெழுத்தாணியும் ஒன்று. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1897இல் பதிவுசெய்த கத்தியோ ஒரே பிடிக்குள் பல கருவிகளை அடக்கி உலகெங்கும் புகழ்பெற்றது.

மடக்குக் கத்தியின் உயிர்நிலை அதன் கீல். அலகின் அடியில் ஒரு துளை. துளையில் ஓர் ஆணி. பிடியின் முதுகில் அலகை அழுத்தி நிற்கும் எஃகு வில்தகடு. விரித்தால் விரிந்தபடியும், மடக்கினால் மடங்கியபடியும் அலகை நிறுத்துவது அந்த வில்லின் அழுத்தமே. உராய்வு முழுவதையும் அந்தச் சிற்றிடமே தாங்குகிறது. ஆயினும், கத்தி வைத்திருப்போர் கூரைத் தடவிப் பார்ப்பரேயன்றிக் கீலை உற்று நோக்குவதில்லை. உடலின் மூட்டுக்கும் தமிழில் கீல் என்றே பெயர். கீல்வாதம் என்னும் சொல்லில் அது இன்றும் வழங்குகிறது. அந்தக் கீலையும் வலி வந்த பிறகுதானே மனிதர் நினைக்கின்றனர்!

கிருஷ்ணகிரி மாவட்டத்து நாற்றங்கால் ஒன்றில் மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டும் முதியவர் ஒருவர், இருபது ஆண்டுகளாக ஒரே மடக்குக் கத்தியைப் பயன்படுத்தி வந்தார். வேர்ச்செடியின் தலையைக் கொய்து, தண்டை நடுவே பிளந்து, ஆப்புப்போலச் சீவிய ஒட்டுக்குச்சியை அதில் செருகிக் கட்டுவது அவர் தொழில். இரு வெட்டுப்பரப்புகளும் நன்கு படிந்தால்தான் பட்டையின் அடியிலுள்ள வளர்திசுக்கள் இணையும். வெட்டு பிசிறினால் ஒட்டு வாடும். ஆதலால் மாலைதோறும் கத்தியைத் துடைத்து எண்ணெயிட்ட பின்னரே அவர் வீடு திரும்புவார்.

ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்தார். பத்து நாட்கள் கத்தி பேரனிடம் இருந்தது. அவன் உழைப்பில் குறையில்லை; கத்தியைத் துடைக்கத்தான் மறந்தான். மாமரத்தின் பால் மனிதத் தோலையே புண்ணாக்கும். எஃகை மட்டும் விட்டுவைக்குமா? அலகு கறுத்தது. கீலில் வழிந்த பால் பிசினாக இறுகியது. பதினோராம் நாள் விரிக்க முயன்றபோது அலகு அசையவில்லை. வலிந்து இழுத்தான். சற்றே விரிந்த அலகிலிருந்து நகம் நழுவ, வில்லின் விசையால் அலகு பிடிக்குள் பாய்ந்தது. குறுக்கே இருந்தது அவனுடைய சுட்டுவிரல். மூன்று தையல்கள் போட நேர்ந்தது. கூரிய கத்தியை அச்சத்தோடு தொடுகிறவர்கள், இறுகிய கத்தியிடம் தம் வலிமையைக் காட்டுகிறார்கள்.

முதியவர் கடிந்துகொள்ளவில்லை. காயம் ஆறியதும் பேரனை அருகில் அமர்த்திக்கொண்டார்.

"எண்ணெய் விட்டால் போதாதா, தாத்தா?"

"அழுக்கின்மேல் விட்ட எண்ணெய் அரத்தைப்போல் அராவும்," என்றார் அவர்.

மணல்துகள் கலந்த எண்ணெய் ஆணியையும் துளையையும் தேய்த்துவிடும் என்பது உண்மை. ஆகவே, வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் கீலின் இடுக்கும் பிடியின் உட்பள்ளமும் முதலில் துலக்கப்பட்டன. இறுகிய பிசினை மண்ணெண்ணெய் இளக்கியது. பிடி மரத்தாலானது, நெடுநேரம் நீரில் ஊறினால் உப்பி அலகை நெருக்கும். எனவே உடனே துடைத்து, ஈரம் முற்றிலும் காயும்வரை விரித்தே வைத்தனர்.

எந்த எண்ணெய் என்பதில் பலரும் தவறுகின்றனர். அடுப்பங்கரையில் கைக்கு எட்டுவதையே ஊற்றுகின்றனர். நல்லெண்ணெய் நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழ் உறையும். தையல் இயந்திரத்திற்கு விடும் மெல்லிய கனிம எண்ணெயே ஏற்றது. அதுவும் ஒரு துளி. பழம் நறுக்கும் கத்தியாயின் உணவுக்குத் தகுந்த கனிம எண்ணெய் வேண்டும். துளி இட்டு, பத்துமுறை விரித்து மடக்கியபோது கருநிறக் கசிவு வெளிப்பட்டது. துடைத்து மீண்டும் ஒரு துளி. கறுப்பு நிற்கும்வரை இவ்வாறே. மேலே படிந்த எண்ணெயையும் ஒற்றி எடுத்தனர். அதை விட்டுவைத்தால் தூசி குடியேறும்.

துருப்பிடிக்காத எஃகு என்னும் பெயரை நம்பிக் கத்தியை மறந்துவிடுவோரும் உளர். 1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய அவ்வகை எஃகு, குரோமியத்தின் துணையால் துருவை எதிர்க்கிறது, முற்றிலும் வெல்வதில்லை. வியர்வையின் உப்பு இடுக்கில் தங்கினால் அதிலும் புள்ளிகள் தோன்றும். தோலுறைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் கத்தியும் ஈரத்தால் கெடும்.

மாலையில் பேரன் அலகை விரித்தான், தடையின்றி வந்தது. மடக்கியபோது 'டக்' என்னும் பழைய ஓசை கேட்டது. முதியவர் கத்தியை அவனிடமே விட்டுவிட்டு நாற்றங்காலுக்குள் சென்றார். அந்தப் பத்து நாட்களில் கட்டிய ஒட்டுகளுள் பல காய்ந்திருந்தன. அவற்றுள் வேர்ச்செடி உயிரோடிருந்த கன்றுகளை மட்டும் பொறுக்கி, மறுபடியும் ஒட்டுக் கட்டுவதற்காக நிழலில் வரிசையாக வைத்தார்.