ஜாடியின் கழுத்து வரை

மும்பையில் கிறிஸ்துமஸ் ஒயின் என்றதும் பாந்திரா, வசாய் பக்கத்து ஈஸ்ட் இந்தியன் குடும்பங்கள்தாம் நினைவுக்கு வரும். செம்பூர், தாராவித் தமிழர்களுக்கும் அந்த வாசனை புதிதல்ல. (உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதை 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தடுக்கிறது என்பது வேறு கதை.) ஒயின் போடுபவர்கள் சர்க்கரை அளவையும் ஈஸ்ட்டையும் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு, மண்டியை விட்டுத் தெளிவை இறுத்த பிறகு வரும் மாதங்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கெடுவது பெரும்பாலும் அப்போதுதான். நாசிக் திராட்சை மலிவது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, பண்டிகையோ டிசம்பரில். நடுவில் மே மாதப் புழுக்கமும் நான்கு மாத மழையும் இருக்கின்றன. புளிக்கும்போது கிளம்பும் கரியமில வாயு காற்றைத் தானே வெளியே தள்ளிவிடும். இறுத்த ஒயினுக்கு அந்தக் காவல் கிடையாது. ஒயினைக் காடியாக்கும் பாக்டீரியாவுக்குக் காற்றும் வேண்டும், சூடும் வேண்டும். 25 முதல் 30 டிகிரி அதற்குக் கொண்டாட்டம், மும்பையில் வருஷத்தில் பாதி அந்தச் சூடுதான்.

‘மூடியை இறுக்கிவிட்டால் போதாதா?’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 லிட்டர் ஜாடியில் 4 லிட்டர் ஒயின் இருந்தால், மேலே மிஞ்சுவது 1 லிட்டர் காற்று. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், எடையில் சுமார் கால் கிராம். அந்த 4 லிட்டர் ஒயின் ஒரே நேரத்தில் கரைத்துக்கொள்ளக்கூடியதோ 30 மில்லிகிராம் அளவுதான். கரைந்தது செலவாகச் செலவாக, மேலிருந்து இன்னும் கரையும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், உள்ளேயே அடைபட்ட இந்தக் கையிருப்பை அது என்ன செய்யும்? நிறம் பழுப்பாகும், மேலே மெல்லிய வெள்ளை ஆடை படரும், திறந்தால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி வரும். ஆகவே ஒயினின் அளவுக்கேற்ற கலத்தைத் தேடுவதே முறை: 4 லிட்டருக்கு ஒரு பெரிய ஜாடியை விட, கழுத்து வரை நிறைந்த ஐந்தாறு சின்ன பாட்டில்கள் மேல். குறைகிற இடத்தை நன்றாகக் கழுவிய கண்ணாடிக் கோலிகளைப் போட்டும் நிரப்பலாம். தண்ணீர் ஊற்றினால் சாரம் போகும்; சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினால் மறுபடி புளிக்கும். ஒயினை இறுத்தெடுக்கும்போதும் குழாயின் முனை கீழ்ப் பாத்திரத்தின் அடியைத் தொட வேண்டும். உயரத்திலிருந்து சலசலவென்று விழுந்தால் அப்போதே காற்று கலந்துவிடும்.

காற்று படாமல் காப்பதை மாட்டுங்காத் தமிழர்களுக்குச் சொல்லவே வேண்டாம்; ஊறுகாய்க்கு மேல் எண்ணெய் மிதக்க வேண்டும் என்பது அவர்கள் சமையலறையில் பாலபாடம். இத்தாலியக் கிராமங்களில் ஒயினுக்கு மேலேயும் எண்ணெய் ஊற்றி வைத்தது உண்டு. ஆனால் ஊறுகாயில் எண்ணெய் ருசி, ஒயினில் அதே எண்ணெய் சிக்கு நாற்றம். அதனால் அந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கொஞ்சம் காற்று ஒயினைப் பக்குவப்படுத்தாதா என்ற ஆட்சேபம்தான் கனமானது. ஒயினின் நோய்களை ஆராய்ந்து 1866-இல் நூல் வெளியிட்ட பாஸ்டரே, ஒயின் முதிர்வதற்கு ஆக்சிஜன் காரணம் என்றவர்தான். அவர் சொன்னது மரத்தின் வழியே சிறுகச் சிறுகக் கசியும் காற்றை. அப்படி மரப்பீப்பாயில் வைப்பவர்களும், ஆவியாகிக் குறைந்ததை அவ்வப்போது நிரப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஸ்பெயினின் ஷெர்ரி விதிவிலக்கு: அங்கே வேண்டுமென்றே பீப்பாயில் இடம் விடுகிறார்கள். அதில் ஆல்கஹால் சுமார் 15 சதவீதம். மேலே படரும் ஈஸ்ட் ஆடையே காவல். வீட்டு ஒயினுக்கு அந்த வலு பொதுவாக இருக்காது. ஒயின் கெடாமலிருக்க மெட்டாபைசல்பைட் போடுகிறவர்களும் உண்டு. அது உதவும்தான், ஆனால் அந்த ஒரு லிட்டர் காற்றோடு போராடியே தீர்ந்துபோகும். எல்லா பாட்டிலும் நிரம்பியபின் அரை பாட்டில் மிஞ்சினால், அதற்கு மூடி தேடாமல் காடியாகவே விட்டுவிடுங்கள், விண்டலூ குழம்புக்கு ஆகும்.