பன்னிரண்டு மணி வெயில்

பேப்பரில் சர்க்யூட் வரைவது ஈஸி. பிரெட்போர்டில் எல்.இ.டி. எரிய வைப்பது அதைவிட ஈஸி. அதையே காப்பர் கிளாட் போர்டில் கொண்டுவரும்போதுதான் நம்ம வண்டவாளம் தெரியும்.

அப்பாவின் ஃபைபர் படகில் ராத்திரி விளக்குக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது 11.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பஸர் அடிக்கும்படி, எல்.எம். 358 வைத்து ஒரு சின்ன சர்க்யூட். என் பிராஜெக்ட்டும் அதுதான். ஆன்லைனில் ஃபைலை அனுப்பினால் போர்டு வீட்டுக்கே வந்துவிடும். ஆனால் ஒரு கோடு மாறினாலும் மறுபடி காசு, மறுபடி காத்திருப்பு. அதனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிரை ஃபிலிம் ஒரு சுருள் வாங்கிவந்தேன்.

இந்த ஃபிலிமில் புற ஊதாக் கதிர் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் சலவை சோடாத் தண்ணீரில் (லிட்டருக்கு 10 கிராம் போதும்) கரைந்து போகும். அதனால் டிராக் வர வேண்டிய இடம் மட்டும் வெளிச்சம் புகும்படி, மீதியெல்லாம் கறுப்பாக ஓ.எச்.பி. ஷீட்டில் பிரிண்ட் எடுக்க வேண்டும். யு.வி. டியூப் பெட்டிக்குக் காசு ஏது? மேலேதான் ஓசியில் சூரியன் இருக்கிறாரே!

முதல் நாள், காலேஜ் விட்டு வந்து மாலை நாலரை மணிக்கு மாடியில் வைத்தேன். தரை காலைச் சுட்டது, இது போதாதா என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் காட்டி சோடாவில் போட்டால், மொத்த ஃபிலிமும் கழன்று போனது. நெத்திலி காயவைத்திருந்த அம்மா, "நாலரை மணி வெயிலுக்கு நெத்திலியே காயாது, உன் தகடு எங்கடா காயும்?" என்றாள். சிரித்தேன். ஆனால் அம்மா சொன்னதுதான் சரி! சூடு வேறு, ஊதாக் கதிர் வேறு. வெயில் சாயும்போது அதிகக் காற்றைத் தாண்டி வர வேண்டும், அதில் முதலில் சிதறிப் போவது ஊதாக் கதிர்தான். அது நம் கண்ணுக்கும் தெரியாது, தோலுக்கும் தெரியாது.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு, பழிவாங்குவது போல மூன்று நிமிஷம் வைத்தேன். இந்த முறை ஐ.சி. கால்களுக்கு நடுவே எல்லாம் ஒட்டிக்கொண்டது! பல்பில் பிடித்துப் பார்த்தால் டோனர் கறுப்பு முழுக்கறுப்பாக இல்லை, ஊசி ஓட்டைகள். அதைவிடப் பெரிய தப்பு, டோனர் பக்கத்தை மேலே வைத்தது. ஷீட்டின் கனம் இடையில் வந்துவிட்டதால், வானம் முழுவதிலிருந்தும் வரும் கதிர் பக்கவாட்டில் நுழைந்துவிட்டது. கண்ணாடிப் பிம்பமாகப் பிரிண்ட் எடுத்து, டோனர் பக்கம் ஃபிலிமைத் தொடும்படி வைத்து, மேலே ஜன்னல் கண்ணாடி போட்டு கிளிப்பால் அழுத்த வேண்டும். இரண்டு ஷீட்டை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால் ஓட்டையும் அடைபடும்.

ராயபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் அண்ணன் ஒருத்தர், மாடி வெயிலில்தான் ஸ்கிரீன் எடுப்பார். அவரிடம் புலம்பினேன். "மொதல்ல துண்டு ஒண்ணு போட்டுப் பாரு தம்பி" என்றார். ஒரு துண்டுப் போர்டை அட்டையால் மூடி, 15 விநாடிக்கு ஒருமுறை அட்டையைக் கொஞ்சம் நகர்த்தினேன். 15இல் எல்லாம் கரைந்தது, 30இல் ஓரம் தூக்கியது, 45 கச்சிதம், 75இல் இடைவெளி மங்கியது. என் ஃபிலிமுக்கு, அன்றைய வெயிலுக்கு 45! மறுவாரம் லேசாக மேகம் இருந்தது, கணக்கே மாறிப்போனது. ஆகவே ஒவ்வொரு முறையும் துண்டுதான் முதலில்.

சிவில் நண்பர்கள் 'ப்ளூ பிரிண்ட்' என்கிறார்களே, அதுவும் இதே வித்தைதான். 1842இல் ஜான் ஹெர்ஷல் இரும்பு உப்பு தடவிய காகிதத்தை வெயிலில் காட்டி நீலமாக்கினார்.

போர்டு வந்துவிட்டது, பஸரும் அடித்தது. மிஞ்சியது பச்சையாய் மாறிய ஃபெரிக் குளோரைடு. சாக்கடையில் கொட்டலாம் என்று எடுத்தேன். அப்பா தடுத்தார். "சாக்கடை எங்கடா போவுது? நம்ம ஆத்துக்குத்தானே?" கொசஸ்தலை ஆறு முகத்துவாரத்தைத் தொடுவது எங்கள் நெட்டுக்குப்பத்தில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததும் இதே ஆற்றில்தான். கரைந்த தாமிரம் துளி அளவில்கூட இறாலுக்கு விஷம். சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன், நுரைத்துப் பொங்கி, அடியில் சேறு படிந்தது.

அந்தச் சேறு ஒரு பழைய பிளாஸ்டிக் கேனில் எங்கள் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. கெமிஸ்ட்ரி லேபில் வாங்கிக்கொள்வார்களா என்று திங்கட்கிழமை கேட்க வேண்டும்.