யாரும் கொடுத்ததல்ல மாண்பு

பிள்ளைகளே, படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் கிளம்பும்போது உங்களை அளந்து பார்க்க ஆட்கள் காத்திருப்பார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை என்று சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நீ யார் என்ற கேள்விக்குத் திருச்சபை தரும் பதில் விவிலியத்தின் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஆணையும் பெண்ணையும் கடவுள் தம் சாயலில் படைத்தார். இந்தச் சாதிக்கு முழுச் சாயல், அந்தச் சாதிக்குப் பாதிச் சாயல் என்று அங்கே எழுதவில்லை.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டனை உங்களுக்குத் தெரியும். திருவிதாங்கூர் அரசில் அதிகாரி, சாதியிலும் மேல்தட்டு. டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாரும் சமம் என்று அவர் வற்புறுத்திச் சொன்னது பெரிய இடத்துக்காரர்களின் கோபத்தைக் கிளறியது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து, ஊர் ஊராக இழுத்துப்போனார்கள் என்று நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

கொல்லத்தானே போகிறார்கள், எருமை எதற்கு? நாலு பேர் பார்க்கச் சிறுமைப்படுத்தினால் ஆள் சிறியவனாகிவிடுவான் என்ற நம்பிக்கைதான். 2024-ல் வத்திக்கான் வெளியிட்ட 'எல்லையற்ற மாண்பு' என்ற ஏடு இங்கேதான் தெளிவாகப் பேசுகிறது. வறுமையும் அவமானமும் ஒருவர் வாழும் நிலையை மாண்பற்றதாக்கலாம். அவர் செய்யும் தீமை அவருடைய நடத்தையை மாண்பற்றதாக்கலாம். ஆனால் மனிதராக இருப்பதாலேயே அவருக்குள்ள மாண்பை யாராலும் எடுக்க முடியாது, அவரே நினைத்தாலும் தொலைக்க முடியாது. கொலை செய்தவருக்கும் இது பொருந்தும். அதனால்தான் 2018-ல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தி, மரண தண்டனையை ஏற்க முடியாது என்று எழுதச் செய்தார். ஏற்றுக்கொள்ளக் கடினமான பாடம்தான். ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பேச்சாகிவிடும்.

இனி நம் கதைக்கு வருகிறேன். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19-ஆம் நூற்றாண்டில், இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் பூசை காண்பதற்காக இரண்டு கைகளாகப் பிரிந்த கோயிலைக் கட்டினார்கள். பீடம் ஒன்று, உட்காரும் இடம் இரண்டு. நடுவே இருந்த தடுப்பை 1910-ல் இடித்தபோது சிலர் நீதிமன்றத்துக்கே போனார்கள், வழக்கில் தோற்றார்கள். ஒரே அப்பத்தை உண்டவர்கள் செய்த காரியம் இது. தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை எடுக்கும்படி பலர் வத்திக்கானுக்கு எழுத வேண்டியிருந்தது. 2022 மே 15 அன்று உரோமையில் அந்தப் பட்டம் இல்லாமலே அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். எனக்கு அந்த நாளின் பெரிய மகிழ்ச்சி அதுதான்.

உங்களை யாராவது தாழ்வாகப் பேசினால் மனம் உடைந்துபோகாதீர்கள். அவர் கொடுத்த மாண்பல்ல, அவர் எடுத்துக்கொள்ள. அதே கணக்குதான் நீங்கள் பார்க்கும் கழிவுநீர்த் தொழிலாளிக்கும், விடுதியில் தட்டு கழுவும் வடநாட்டுப் பையனுக்கும். அவர்களை 'வா, போ' என்று கூப்பிடும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இன்னும் ஒன்று. இன்றும் சில பங்குகளில் கல்லறைத் தோட்டம் சாதிக்கு ஒன்றாக இருக்கிறது. சில தெருக்களுக்குள் திருவிழாத் தேர் போவதில்லை. திருவிழாவுக்கு ஊர் வரும்போது தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டுச் சும்மா போகாமல், பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் கேளுங்கள். பெரியவர்கள் நாங்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும்.